அப்பாவின் காது

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியது கிடையாது. உப்புக் கேட்பதென்றாலும் ஊரைக் கூட்டுகிற குரலில்தான் கேட்போம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பாதையில், வலப்பக்கம் மேலேறும் ஒரு சந்தில் எங்கள் வீடும் அதோடு ஒட்டிய கராஜும் இருந்தன. எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுத்தர், சத்தம் பிடிக்காத மனிதர். குடிவந்த முதல் கிழமையே அம்மாவிடம் வந்து, வீட்டில் ஏதும் சண்டையோ என்று பக்குவமாக விசாரித்தார். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அம்மா சொன்னது சந்தின் கடைசி வீடு வரை கேட்டிருக்கும்.

அப்பா பகலில் மெக்கானிக். கார்னிவல் வந்தால் மரணக்கிணற்றில் கார் ஓட்டுபவர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகைகளை நிமிர்த்தி வட்டமாக அடித்த ஒரு பெரிய பீப்பாய்தான் மரணக்கிணறு. சனங்கள் ஏணிப்படியில் ஏறி, மேல் விளிம்பைச் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அப்பா அடியில் காரைக் கிளப்பி, சரிவுப் பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி வேகம் எடுத்து, அப்படியே நேர்குத்தான சுவரில் ஏற்றிவிடுவார். கதவுகளைக் கழற்றிய பழைய மைனர் கார் அது. சனத்துக்குத் திகில் வேண்டும் என்பதற்காக சைலன்சரையும் கழற்றியிருந்தார்கள். உள்ளே ஓடுகிறவனுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. அதனால் எல்லாவற்றுக்கும் கைச்சாடை வைத்திருந்தோம். போதும், இன்னும் கொஞ்சம், ஒயில் ஒழுகுது, பெட்ரோல் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு விரல் கணக்கு. அந்தச் சாடை வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பதற்கு அண்ணன் காட்டுகிற சாடை, எஞ்சினை நிறுத்து என்பதற்கு நாங்கள் காட்டுகிற அதே சாடைதான்.

அம்மா கல்யாணமாகி வரும்போது கார்க் கதவைத் திறக்கத் தெரியாதவராம். ஒரே வருடத்தில் அந்தச் செங்குத்துச் சந்தில் லொறியைப் பின்பக்கமாக ஏற்றப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கத்தில் அப்பா காரை விடுவார். அம்மா பக்கத்தில் ஒரு கோப்பை நிறையத் தேத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. சிந்தினால் அப்பா தோற்றார். அவர் தோற்று நான் பார்த்ததில்லை. அம்மாவே வேண்டுமென்று கையை ஆட்டிச் சிந்தவைத்து, பிறகு இருவரும் திரும்பிப் பெனிதெனியா வரும்வரை வழக்காடியதைப் பார்த்திருக்கிறேன்.

என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன், பதினெட்டிலேயே சுவரில் மோட்டார்சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அந்தப் பக்கமே அனுமதி இல்லை. பெண்பிள்ளை விழுந்து முகத்தில் தழும்பு வந்தால் யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் வாதம். அண்ணனின் முகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. இந்த அநியாயத்தை நினைத்து நினைத்தே எனக்குப் பதின்மூன்று வயதாகியிருந்தபோதுதான், அப்பா என்னை ட்ரையலுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்.

திருத்திய வண்டியை உரியவரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதுதான் ட்ரையல். அப்பா எப்போதும் கலகெதரைப் பாதையில்தான் போவார். ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் அதில் உண்டு. முன்பெல்லாம் தனியாகப் போவார். பிறகு நான் பாடசாலையிலிருந்து வரும்வரை காத்திருந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில், என்ன கேக்குது என்று கேட்பார். எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டுகிற டெப்பட் சத்தம் கேட்கிறது என்பேன். முன்னாலயா பின்னாலயா என்பார். காதைக் கூர்மையாக்கி, முன்னால் என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். திரும்பி வந்து பொனட்டைத் திறந்து, நான் சொன்ன இடத்தில்தான் முதலில் கையை வைப்பார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் ஏற்றாவிட்டாலும் தொழிலை எனக்குத்தான் பழக்குகிறார் என்று நினைத்தேன். அண்ணனிடம் போய், உனக்கு ஓட்டத்தான் தெரியும், எனக்குக் கேட்கத் தெரியும் என்று பீற்றிக்கொண்டேன். அவன் என் தலையில் குட்டினான்.

அது ஒரு வருடம் போலப் போனது. ஒருநாள் ஒரு டாக்டருடைய காரை எடுத்துக்கொண்டு அதே பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. வழிவிடுவதில் அப்பாவைப்போல் பண்பான சாரதி கிடையாது. ஹோர்ன் கேட்டதும் ஓரமாகி, கையை வெளியே நீட்டி, போங்க என்று காட்டுவார். அன்று நடுவிலேயே போனார். பஸ் மறுபடி அடித்தது. மூன்றாம் தரம் கையை எடுக்காமலே அடித்தது. "அப்பா, பஸ்" என்றேன். பாதையைப் பார்த்தபடியே இருந்தார். தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, சட்டென்று ஓரம் கட்டினார். பஸ்காரன் கடந்துபோகும்போது தலையை வெளியே நீட்டி, சிங்களத்தில் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அப்பா அவனைப் பார்த்து, நலம் விசாரித்த ஆளுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

ஒன்றைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத சாதாரணக் குரலில், "அப்பா, நான் கணக்குல பெயில்" என்றேன். அவர் கியரை மாற்றி அடுத்த வளைவில் திருப்பினார். நான் உண்மையிலேயே பெயில்தான். அதைச் சொல்ல இரண்டு கிழமையாகப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

அவர் என் தோள் குலுங்குவதைப் பார்த்து, ஒரு அன்னாசிக் கடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார். எப்போதிருந்து என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். இரண்டு மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். அம்மா பேசுவது பேராதனைக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா என்று சிரிக்கப் பார்த்தார். அதுதான் நாங்கள் விட்ட பிழை. வேறெந்த வீடாக இருந்தாலும் ஒரு மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். நாங்கள் எப்போதும் கத்தினோம், கத்தாத நேரத்தில் கைச்சாடை காட்டினோம். ஒரு மனிதன் செவிடாகிக்கொண்டிருப்பது தெரியவராத ஒரே வீடு கண்டியில் எங்கள் வீடாகத்தான் இருந்திருக்கும்.

அவர் எனக்குத் தொழில் பழக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் காதை இரவல் வாங்கியிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் அந்த இடத்தில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

வலியைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குள் வந்துவிட்டிருந்தது. சுவரில் அப்பாவின் கார் நடுவில் ஓடும். அதற்கு மேலே, விளிம்புக்குக் கீழே எல்லையாகப் போட்ட சிவப்புக் கோட்டின் ஓரமாக அண்ணனின் மோட்டார்சைக்கிள் ஓடும். மேலே போகிறவன் இறங்க வேண்டுமென்றால் கீழே போகிற கார் முதலில் சரிவுக்கு இறங்கி வழிவிட வேண்டும். அதற்காகவே அண்ணன் தன் மோட்டார்சைக்கிளில் லொறி ஹோர்ன் ஒன்றைப் பூட்டியிருந்தான். இரண்டு தரம் அடித்தால், இறங்கப் போகிறேன் என்று அர்த்தம். அப்பாவுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற செய்தி அது ஒன்றுதான். அதற்குச் சாடை கிடையாது.

அண்ணனின் ஹோர்ன் எப்படிக் கேட்கிறது என்றேன். கேட்பதில்லை என்றார். பதினொரு சுற்று எண்ணுவாராம். அண்ணன் எப்போதும் பதினோராவது சுற்றில்தான் அடிப்பான், அந்தக் கணக்குக்கு இறங்கிவிடுவாராம். அதற்கு முன்னால் அவனுக்கு ஏதும் ஆனால் என்று கேட்டேன். அவர் சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினார். கேட்டும் பதில் சொல்லவில்லையா, உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்ததும் அவராகவே சொன்னார்.

"அண்ணன்கிட்ட சொல்லாத, பாப்பா. அந்தச் செவுத்துல ஏறுற வரைக்குந்தான் நான் ஆளு. எறங்குனா வெறும் பாஸ் உன்னெஹே."

பாஸ் உன்னெஹே என்பது மெக்கானிக்கைச் சிங்களத்தில் கூப்பிடுகிற விதம். மரியாதையான வார்த்தைதான். அப்பா அதைச் சொன்ன விதத்தில் மரியாதை இருக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அந்த ஆண்டுக் கார்னிவல் கெலிஓயாவில். அம்மா டிக்கெட் கொட்டிலில், நான் மேலே விளிம்பில். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு காட்சியிலும் நான் பதினொன்று வரை எண்ணினேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்தது. மூன்றாம் நாள் மாலைக் காட்சியில், ஏழாவது சுற்றில் அண்ணனின் எஞ்சின் இருமத் தொடங்கியது. அவன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். கார் அப்படியே போனது. மறுபடி இரண்டு தரம் அடித்தான். எட்டு. ஒன்பது. நான் விளிம்பில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கையை ஆட்டினேன். சுவரில் ஓடுகிறவன் மேலே பார்க்கவே கூடாது, பார்த்தால் தலை சுற்றிவிடும் என்பது முதல் பாடம். அப்பா பாடத்தை மீறுகிறவர் இல்லை. ஹோர்ன் சத்தமும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். பத்து. பதினொன்று. அப்பா ஒழுங்காக இறங்கினார். அண்ணனின் எஞ்சின் அதே நொடியில் நின்றது. சரிவில் விழுந்து உருண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து எழுந்தான்.

கூடாரத்துக்குப் பின்னால் அண்ணன் கத்தினான். ஹோர்ன் கேட்கவில்லையா என்று கேட்டான். அப்பா அவனுடைய வாயைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, சனம் நன்றாகக் கைதட்டியது, இன்னும் இரண்டு சுற்று போகலாம் என்று நினைத்தேன் என்றார். அண்ணன் அவரை அருவருப்போடு பார்த்தான். கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளையைப் பலிகொடுக்கப் பார்த்தவர் என்று அம்மாவும் திட்டினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். செவிடன் என்று பேரெடுப்பதைவிட ஆசை பிடித்தவன் என்று பேரெடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் முதலில் போய், நான் சொல்லப்போகிறேன் என்று சொன்னால் என்ன என்று யோசித்ததும் உண்மை. சொன்னால் அவர் கேட்கமாட்டார், இன்னும் ஒரு கிழமை பொறு என்று என்னைப் பேசி மடக்கிவிடுவார் என்று தோன்றியது. அதனால் போகவில்லை.

அண்ணன் நம்பவில்லை. கராஜில் அப்பா ஒரு வான் வண்டியின் பக்கத்தில் குனிந்து சில்லு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அண்ணன் சுத்தியலை எடுத்து, அவருக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்ற வெறும் ஒயில் பீப்பாயில் ஓங்கி அடித்தான். எதிர்வீட்டு எழுத்தர் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. இன்னொரு தரம் அடித்தான். அப்பா அடுத்த நட்டுக்கு மாறினார். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான். அடிக்கும்போது இல்லாத கவனத்தோடு, சத்தம் வராமல் வைத்தான். அவன் அழுததை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பகலுக்குள் அண்ணன் அம்மாவிடம் சொன்னான். அம்மா போய்க் கார்னிவல் முதலாளியிடம் சொன்னார். இனிக் காரை அண்ணனே தனியாக ஓட்டுவது என்று நான்கு மணிக்கு முன்னால் எல்லாம் முடிவாகிவிட்டது. இதில் அப்பாவிடம் எதையும் சொல்லாத ஆட்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம் என்று பிற்காலத்தில் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம். அது பொய். யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

காட்சி நாட்களில் உடுத்துகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கிணற்றுக்குள் கார் ஏற்கனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. டிக்கெட் வரிசையைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். முதலாளி குறுக்கே வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அம்மா கொட்டிலுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னைத் தேடிப் பார்த்தார். நான் ஏணிப்படியின் கீழே நின்றேன். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நீயா என்பதுபோல மட்டும் பார்த்தார்.

திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சனத்தோடு சனமாக ஏணியில் ஏறி, விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். விலகவில்லை, திரும்பவும் இல்லை. அண்ணன் நன்றாகவே ஓட்டினான். சிவப்புக் கோட்டுக்கு அத்தனை கிட்டப் போகவில்லை, ஆனாலும் சுத்தமான ஓட்டம். அப்பா இரண்டு கைகளையும் விளிம்புப் பலகையில் வைத்து, பலகை அதிர்வதைத் தொட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் பக்கத்து ஆட்கள் கைதட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. தெரியாமல் இருந்தவரை கத்தினோம். தெரிந்த பிறகு அவரிடம் கத்திப் பேசுவது அவமானப்படுத்துவது போல இருந்தது. மூவரும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டோம். அவர் சாப்பாட்டு மேசையில் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். நாங்கள் எதற்காவது சிரித்தால் என்ன என்று கேட்பார். ஒண்ணுமில்லை என்போம். விளக்கிச் சொல்ல நேரமாகும், சொல்லி முடிக்கும்போது சிரிப்பு போய்விடும், அதனால் ஒண்ணுமில்லை. ட்ரையலுக்கு என்னை அவர் திரும்பக் கூப்பிடவில்லை. பொனட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். சில நாள் சரியாக இருக்கும். திகனையிலிருந்து ஒரு ஹாஜியார் தன் லொறியை வேறு யாரிடமும் விடாமல் அப்பாவிடமே கொண்டுவருவார். ஒருமுறை அப்பா பிழையான பக்கத்தைத் திறந்து முழு நாளையும் வீணாக்கினார். அடுத்த தடவை ஹாஜியார் லொறியை வேறிடத்தில் விட்டுவிட்டு, பழத்தோடு வந்து அப்பாவோடு தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் இன்னும் இரண்டு பருவம் ஓட்டினான். பிறகு வளைகுடாவுக்கு லொறி ஓட்டப் போய்விட்டான். இன்று பேரப்பிள்ளைகளோடு நலமாக இருக்கிறான். அன்று நீ வாயைத் திறந்ததால்தான் நான் இருக்கிறேன் என்று இன்றும் சொல்வான். அது சரிதான். அதை நான் மறுத்ததில்லை.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருந்தார். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் தகரம் உருளுகிற சத்தமாகக் கேட்கிறது என்று அலுமாரியில் வைத்துவிட்டார். மாதம் ஒருமுறை அவரை என் காரில் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். ஒரு காலை வாவிக்கரையோரம் வாகனங்கள் முட்டி மோதிக்கொண்டு ஊர்ந்தன. அவர் என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கு அண்ணன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாப்பா. நானே எறங்கியிருப்பேனே."

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு. குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. அவருக்கு அது விளங்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கமாட்டார். அவர் வாயாலேயே, போதும், இனி மகன் ஓட்டட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருப்பார். என் அப்பா அப்படி இறங்கக்கூடியவர்தான் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

முன்னால் ஒரு முச்சக்கரவண்டி நுழைந்துகொண்டிருந்தது. நான் பாதையைப் பார்த்தபடியே, "நீங்க கேக்கமாட்டீங்கன்னு நெனச்சேம்ப்பா" என்றேன்.

முகம் பார்க்காமல் சொன்னால் அவருக்குப் புரியாது. "என்ன சொன்ன?" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

தலையாட்டிவிட்டு வாவியைப் பார்க்கத் தொடங்கினார். காரை ஓரமாக நிறுத்தி, முகத்தைத் திருப்பி, இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கிளினிக்குக்கு நேரமாகிறது என்று போய்விட்டேன். அவர் இன்னும் மூன்று வருடம் இருந்தார். பிறகு அதை அவர் கேட்கவில்லை.